பத்தி எழுதப் பழக்குவது: வகுப்பில் கைகொடுக்கும் வழிகள்

மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மல்லிகையைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால், பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“மல்லிகைப் பூ மிகவும் அழகானது. எங்கள் ஊரில் மல்லிகைத் தோட்டங்கள் உள்ளன. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிகாலையில் எழுந்து பூப் பறிக்கப் போவார்கள். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயில் உள்ளது. மேலும் பூவை மாட்டுத்தாவணிக்குக் கொண்டு செல்வார்கள். மார்கழியில் பூ விலை ஏறும். மல்லிகை அனைவருக்கும் பிடிக்கும். ஆகவே நாம் மல்லிகையை வளர்ப்போம்.”

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியிலும் குறையில்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் படித்து முடித்தவர் மனதில் எதுவும் நிற்காது. வழக்கமாக இதற்கு 10-க்கு 6 போட்டு, கீழே ‘முயற்சி செய்’ என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த வாரம் வேறு தலைப்பு. எதில் முயற்சி செய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே ஆண்டு முடிந்துவிடுகிறது.

இந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும், மல்லிகையும் தெரியும். எதை வைப்பது, எதை விடுவது, எதை முதலில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அதைப் பழக்கப் பத்துத் தலைப்பில் பத்துக் கட்டுரை எழுத வைத்துப் பயனில்லை. ஒரே பத்தியை எடுத்து, பிரித்து, அடுக்கி, இரண்டு மூன்று முறை திருப்பி எழுத வைத்தால்தான் கை பழகும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இதே வழிதான். நீளம் மட்டும் மாறும். ஆறாம் வகுப்புக்கு நாலு வாக்கியம், எட்டாம் வகுப்புக்கு ஆறு, பத்தாம் வகுப்புக்கு எட்டு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆறு வாக்கியப் பத்தி நாற்பது, ஐம்பது சொல்லுக்குள் அடங்கிவிடும். ‘நூறு சொல் எழுது’ என்று சொன்னால் பிள்ளைகள் இட்டு நிரப்பத்தான் செய்வார்கள். வாக்கியக் கணக்கே நல்லது.

தொடக்கம் துண்டுத் தாளில். போன ஆண்டு நோட்டில் எழுதாத பக்கங்களை நாலாகக் கிழித்தால் போதும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் காலியாக இருந்தால் அதுவும் ஆகும். ஒரு பிள்ளைக்கு எட்டுத் தாள். பீரியடின் முதல் பத்து நிமிடம் வெறும் பேச்சு: யார் வீட்டில் பூ கட்டுகிறார்கள், எத்தனை மணிக்குப் பறிக்கப் போகிறார்கள், ஏன் அந்த நேரம். பிறகு ஒரு தாளுக்கு ஒரு வாக்கியமாக எழுதச் சொல்ல வேண்டும். பேச்சு வழக்கிலேயே எழுதட்டும். ‘இருட்டோட போவாங்க’ என்று எழுதினால் அந்தக் கட்டத்தில் திருத்தவே கூடாது. திருத்தினால் அடுத்த தாளில் பிள்ளைக்குத் தெரிந்த சேதி வராது, மனப்பாடம் செய்த வரிதான் வரும். தாளில் எண் போடவும் விடக் கூடாது. எண் போட்டுவிட்டால் வரிசையை மாற்ற மனம் வருவதில்லை.

எட்டுத் தாளையும் பெஞ்சில் பரப்பி, அதில் இரண்டையாவது எடுத்து ஓரமாக வைத்தாக வேண்டும் என்பது கட்டாயம். விருப்பத்துக்கு விட்டால் ஒன்றைக்கூட எடுக்க மாட்டார்கள். எழுதியதை விடுவது எல்லோருக்கும் கஷ்டம். பக்கத்தில் இருக்கிறவன் கேள்வி கேட்பதுதான் இங்கே பெரிய உதவி.

“டேய், மீனாட்சி கோயில் எதுக்குடா இதுல?”

“மதுரைன்னு வருதுல்ல, அதான்.”

“பூப் பறிக்கிறதுக்கும் அதுக்கும் என்னடா இருக்கு?”

இந்த இடத்தில் ஆசிரியர் குறுக்கே போகாமல் இருப்பது நல்லது. ‘தொடர்பில்லை’ என்று ஆசிரியர் சொன்னால் அது ஒரு தீர்ப்பு. நண்பன் கேட்டுத் தானாக அந்தத் தாளை எடுத்தால் அது பழக்கமாகிறது. எடுத்த தாளைக் குப்பையில் போட விடாதீர்கள். மார்கழிப் பனியில் பூ வரத்து குறைவதும் விலை ஏறுவதும் தனியாக ஒரு பத்தி. புவிசார் குறியீடு இன்னொரு பத்தி. நோட்டின் கடைசி அட்டையில் ஒரு பழைய கவரை ஒட்டி அதில் போட்டு வைத்தால் அடுத்த வாரத்துக்குப் பொருள் தயார்.

தாள் குறைந்த பிறகு மைய வாக்கியம். இந்தப் பத்தி எதைச் சொல்லப்போகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்வது. பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம்; அதன் அளவைச் சொல்லிக்கொடுப்பதில்லை. சிக்கல் முழுவதும் அளவில்தான் இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்வோம். ‘மதுரை பழமை வாய்ந்த நகரம்’ என்று தொடங்கினால் ஆறு வாக்கியத்தில் முடிக்க முடியாது. அதற்குப் புத்தகமே வேண்டும். ‘தெப்பக்குளம் மதுரையில் உள்ளது’ என்று தொடங்கினால் அடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ‘தெப்பக்குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஏறும்’ என்பது பத்திக்குப் பொருந்துகிற அளவு. சோதித்துப் பார்ப்பதும் எளிது. வாக்கியத்தைச் சத்தமாகப் படித்ததும் கேட்கிறவருக்கு ‘ஏன்?’ அல்லது ‘எப்படி?’ என்று ஒரு கேள்வி வர வேண்டும். பத்துக் கேள்வி வந்தால் பெரிது. ஒன்றுமே வரவில்லை என்றால் சிறிது. கரும்பலகையில் ஒவ்வொரு வாரமும் ஆறு வாக்கியம் எழுதிப் போட்டு, ‘பெரிது, சிறிது, சரி’ என்று வகுப்பையே சொல்ல வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. பலன் அதிகம்.

மைய வாக்கியம் முதலில்தான் வர வேண்டுமா என்று கேட்பார்கள். கடைசியில் வைத்தும் நன்றாக எழுதலாம். ஆனால் பழகுகிற ஆண்டில் முதலில் வைப்பதே நல்லது. எழுதுகிற பிள்ளைக்கே ஒவ்வொரு வரியையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

மல்லிகைப் பத்தி இவ்வளவும் கடந்து வரும்போது இப்படி ஆகிறது:

“மல்லிகை மொட்டை விடிவதற்கு முன்பே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் மொட்டு வாடி எடை குறையும். சந்தையில் எடைக்குத்தான் விலை. அதனால் பறிக்கிறவர்கள் இருட்டிலேயே டார்ச் விளக்குடன் தோட்டத்தில் இறங்குகிறார்கள். பறித்த மொட்டு காலையிலேயே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்விடுகிறது. அங்கே வாங்கிய மொட்டைச் சரமாகக் கட்டிக் கடைகளில் விற்கிறார்கள். அந்தச் சரம் மாலையில் தலையில் ஏறும் நேரத்தில்தான் மொட்டு அவிழ்ந்து மணக்கிறது.”

ஒன்பது வாக்கியம் ஏழாகிவிட்டது, சேதி கூடியிருக்கிறது. ‘அழகானது’, ‘அனைவருக்கும் பிடிக்கும்’ இரண்டும் தானாகக் கழன்றுவிட்டன. ‘நாம் வளர்ப்போம்’ என்ற அறிவுரைக்கும் இடமில்லாமல் போயிற்று. பத்தியின் கடைசி வரி அறிவுரையாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். நாம் முடிவுரையைச் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி. பத்திக்கு முடிவுரை கிடையாது என்பதைத் தெளிவாகவே சொல்லிவிட வேண்டும்.

வரிசை என்பது ஒரே வகை அல்ல. இடத்தைச் சொல்கிற பத்திக்கு மதுரையைவிட நல்ல பாடம் கிடைக்காது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளேயும் வரலாம். நடுவில் திசை மாறினால்தான் படிப்பவர் வழி தவறுவார். ஒரு பிள்ளையை மாசி வீதியில் தொடங்கச் சொல்லி, அடுத்தவனை ஆடி வீதிக்குத் தாவச் சொல்லி, மூன்றாமவனை வெளி வீதிக்குப் போகச் சொன்னால் வகுப்புக்கே குழப்பம் புரிந்துவிடும். காலத்தைச் சொல்கிற பத்திக்கு ஜிகர்தண்டா போதும்: கடல்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். கடையில் நின்று பார்த்ததை அப்படியே அடுக்கினால் போதும். காரணமும் விளைவும் சொல்கிற பத்திக்குச் சுங்குடி. துணியை நூலால் இறுக்கிக் கட்டுவதால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே புள்ளி நிற்கும். இதில் வரிசையை மாற்றினால் பொருளே கெட்டுவிடும். அதனால் காரண வரிசைக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

‘சுற்றுச்சூழல் மாசு’, ‘தேசிய ஒருமைப்பாடு’ போன்ற தலைப்புகளைப் பத்தி பழக்கும் காலத்தில் தொடவே வேண்டாம். அவற்றில் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சேதியும் இருக்காது; கைடு வரிகள்தான் வரும். அந்த வரிகளை எப்படி அடுக்கினாலும் சரியாகத்தான் தெரியும் என்பதால் வரிசையைக் கற்றுக்கொடுக்க வழியே இல்லை. சோழவந்தான் பக்கம் என்றால் வெற்றிலைக் கொடிக்கால், மேலூர்ப் பக்கம் என்றால் கண்மாயில் மடை திறப்பது, டவுனுக்குள் என்றால் ஊருக்குப் புதியவர் ஆரப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு எப்படிப் போவது. இவை போதும்.

அடுத்தது இணைப்புச் சொல். இதில் பெரிய தொல்லை ‘மேலும்’. என்ன தொடர்பு என்று யோசிக்கத் தேவையில்லாத ஒரே சொல் அது. அதனால்தான் எல்லா வரியிலும் வருகிறது. இரண்டு வாரம் வகுப்பில் ‘மேலும்’ எழுதக் கூடாது என்று தடை போட்டுப் பாருங்கள். முதலில் திணறுவார்கள். பிறகு இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் என்ன உறவு என்று யோசிக்கத் தொடங்குவார்கள். ஒரு சின்னப் பயிற்சி: ‘மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் நிரம்பவில்லை. வரத்துக் கால்வாய் மண் மூடிக் கிடந்தது. ஊரார் கால்வாயைத் தூர்வாரினார்கள்.’ இந்த நாலையும் எழுதிப் போட்டு நடுவில் சொல் சேர்க்கச் சொன்னால் ‘ஆனால்’, ‘ஏனெனில்’, ‘எனவே’ மூன்றும் அதனதன் இடத்தில் உட்காரும். இடம் மாற்றிப் போட்டுப் படித்துக் காட்டினால் காதே தவறைச் சொல்லும். ‘எனவே’ என்று எழுதினால் அதற்கு முன் காரணம் இருந்தாக வேண்டும். ‘ஆனால்’ என்று எழுதினால் எதிர்பார்த்தது நடக்காமல் இருந்திருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் எந்தச் சொல்லும் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மேலே உள்ள மல்லிகைப் பத்தியில் ‘அதனால்’ ஒன்றுதான் இருக்கிறது. மற்ற வாக்கியங்களை ‘பறித்த மொட்டு’, ‘அங்கே’, ‘அந்தச் சரம்’ என்ற தொடர்ச்சியே சேர்த்துக் கட்டுகிறது.

‘அது’ இன்னொரு பள்ளம். ‘மடை உடைந்தது. அதைச் சரிசெய்ய ஊர்க்கூட்டம் போட்டார்கள். அது பயன் தரவில்லை.’ கடைசி ‘அது’ கூட்டமா, சரிசெய்த வேலையா? ‘அது’ வருகிற இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, எதைக் குறிக்கிறது என்று மேலே எழுதச் சொன்னால் போதும். இரண்டு பதில் வருகிற இடத்தில் பெயரையே திரும்ப எழுத வேண்டும். ஒரே சொல் திரும்பி வருவது குறை என்று நினைத்துப் பிள்ளைகள் பெயரைத் தவிர்க்கிறார்கள். தெளிவுக்காக வருகிற சொல் திரும்பி வரலாம்.

வாக்கிய நீளத்துக்குக் காரணம் பெரும்பாலும் வினையெச்சம். ‘எழுந்து குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பிப் பஸ் ஏறிப் பெரியாரில் இறங்கி நடந்து’ என்று முற்று வராமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வாக்கியத்தில் மூன்று எச்சத்துக்கு மேல் வேண்டாம் என்று ஓர் எல்லை வைத்தால் தானாக முற்றுப்புள்ளி விழும். அதைவிட முக்கியம், எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருப்பது. ‘அம்மா சமைத்து நான் சாப்பிட்டேன்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு இலக்கண விதியைச் சொல்வதைவிட, ‘சமைத்தது யார், சாப்பிட்டது யார்? ஆள் மாறினால் எச்சத்தை மாற்று’ என்று சொன்னால் ‘அம்மா சமைத்ததும் நான் சாப்பிட்டேன்’ என்று திருத்திக்கொள்கிறது. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குவதும் ‘மாடுகள் வந்தது’ என்பதை ‘வந்தன’ என்று மாற்றுவதும் இந்தக் கட்டத்தில்தான். அதற்கு முன் வேண்டாம்.

திருத்தும் முறையில்தான் பல நல்ல ஆசிரியர்களும் களைத்துப்போகிறார்கள். வகுப்பில் 40 பேர். ஒரு நோட்டில் எல்லாப் பிழையையும் திருத்த 6 நிமிடம் என்றால் மொத்தம் 4 மணி நேரம். யாராலும் வாரா வாரம் முடியாது. முடிந்தாலும் சிவப்பு மை நிறைந்த பக்கத்தைப் பிள்ளை பார்க்காமலே புரட்டிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரே குறை என்று வைத்துக்கொண்டால் நோட்டுக்கு 2 நிமிடம் போதும். 80 நிமிடத்தில், அதாவது இரண்டு ஓய்வுப் பீரியடில், வேலை முடியும். எழுதிய 2 நாளுக்குள் நோட்டு திரும்பிப் போக வேண்டும். வாரம் கடந்தால் தான் எழுதியது எதற்கு என்றே பிள்ளைக்கு மறந்துபோகும்.

குறைகளுக்குப் பெயர் வைக்க நன்னூல் பாயிரம் போதும். பவணந்தி முனிவர் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் ஐந்து பள்ளிப் பத்திக்கு அப்படியே பொருந்துகின்றன. சொன்னதையே சொன்னால் கூறியது கூறல். கோயிலைக் கொண்டுவந்து நுழைத்தால் மற்றொன்று விரித்தல். எது என்று தெரியாத ‘அது’ மயங்க வைத்தல். நன்றாகத் தொடங்கி வரவரச் சொல்ல ஒன்றுமில்லாமல் மெலிந்து முடிந்தால் சென்று தேய்ந்து இறுதல். குன்றக் கூறல்தான் கண்டுபிடிக்கச் சிரமம், ஏனென்றால் இருக்க வேண்டிய சேதி அங்கே விடுபட்டிருக்கும். காந்தியைப் பற்றிய பத்தியில் ‘1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார்’ என்று எழுதிவிட்டு, ஏன் மாறினார் என்பதைச் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். முழு உடைக்குத் துணி வாங்க முடியாத ஏழை மக்களைப் பார்த்து, அவர்களைப் போலவே உடுத்த முடிவுசெய்தார் என்பது வராத வரை அந்தத் தேதிக்கு மதிப்பில்லை. ஓரத்தில் ‘கூ’, ‘வி’, ‘ம’, ‘தே’, ‘கு’ என்று ஓர் எழுத்து மட்டும் போட்டுவிட்டு, எந்த வரி என்று பிள்ளையையே தேடச் சொல்ல வேண்டும். வரியை நாமே அடிக்கோடிட்டால் தேடுகிற வேலையையும் நாமே செய்துவிடுகிறோம்.

நோட்டில் இடது பக்கம் மட்டும் எழுதி, வலது பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். திருத்திய பத்தி வலது பக்கத்தில் வரும். பழையதும் புதியதும் எதிரெதிரே இருப்பதால் என்ன மாறியது என்று பிள்ளைக்கும் தெரியும், நோட்டைப் பார்க்கிற பெற்றோருக்கும் தெரியும். மதிப்பெண் வலது பக்கத்துக்கு மட்டும். இடது பக்கத்துக்கு மதிப்பெண் போட்டால் திருத்தி எழுதுவதைத் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கரும்பலகையில் நாமே அழகான மாதிரிப் பத்தி எழுதிப் போடுவது பயன் தருவதில்லை. நாற்பது நோட்டிலும் அதே பத்தி நாலு சொல் மாறி வரும். குறையுள்ள பத்தியை எழுதிப் போட்டு வகுப்பே சேர்ந்து பழுதுபார்ப்பதுதான் நல்லது. அந்தப் பத்தி வகுப்பில் இருக்கிற எந்தப் பிள்ளையுடையதாகவும் இருக்கக் கூடாது. நாமே தயாரிக்க வேண்டும். எழுத்துக்கூட்டவே திணறுகிற பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் சொல்ல, பக்கத்துப் பிள்ளை துண்டுத் தாளில் எழுதட்டும். அடுக்குவதும் ஒதுக்குவதும் அவர்கள் கையால் நடக்கட்டும். எழுதும் கை பின்தங்கியிருந்தாலும் அடுக்கும் புத்தி பின்தங்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் உட்தலைப்பு வந்து சேரும். தேர்வில் எட்டு மதிப்பெண் கட்டுரைக்கு அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் உட்தலைப்பு போட்டுவிட்டால் பத்தி தானாக ஒழுங்காகிவிடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உட்தலைப்பைக் கையால் மறைத்துவிட்டுப் பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். எதைப் பற்றியது என்று முதல் இரண்டு வரியில் தெரியவில்லை என்றால் அங்கே மைய வாக்கியம் இல்லை. உட்தலைப்பைக் கடைசியில் போடப் பழக்குவது இன்னும் நல்லது. பத்தி முடிந்த பிறகு அதற்குப் பொருந்துகிற தலைப்பு இரண்டு சொல்லில் எளிதாக வரும். அதற்கு ஒரு வரி இடம் விட்டு எழுதினால் போதும்.

தேர்வறையில் துண்டுத் தாள் கிடையாது. அதற்குப் பதிலாகக் கட்டுரையைத் தொடங்கும் முன் விடைத்தாளில் ஒரு பக்கத்தைப் பென்சிலால் பயன்படுத்தலாம். ஐந்து பத்தி என்றால் ஐந்து மைய வாக்கியம், முழு வாக்கியமாக, மூன்று நிமிடத்துக்குள். ஒற்றைச் சொல்லாகக் குறித்தால் எழுதும்போது அது எதற்கு என்று மறந்துவிடும். ஐந்தையும் ஒருமுறை படித்துப் பார்த்து, இரண்டு வாக்கியம் ஒன்றையே சொன்னால் ஒன்றை அடித்துவிட்டு வேறு போட வேண்டும். கட்டுரை முடிந்ததும் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இதைப் பழக்கிவிட வேண்டும். திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பிறகு புதிதாகச் சொன்னால், நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் யாரும் செய்ய மாட்டார்கள்.